சம்பந்தியை ஏசுவது எப்படி

ஏறக்குறைய இரண்டு மாத காலம், ஒரு பெண்மணி வேலை கற்றுக்கொள்கிறார் என்று நம்பி, அவர் காப்பி குடிப்பதை நான் மேற்பார்வை செய்துகொண்டிருந்தேன். மேற்பார்வை என்றால் போகிற போக்கில் எட்டிப் பார்ப்பதல்ல. காலையும் மாலையும் போய் நின்று, தலையை ஆட்டி, மனம் குளிர்ந்து திரும்பி வந்தேன். அதோடு விட்டிருந்தால் வெளியே தெரிந்திருக்காது. அந்தப் பெண்மணியையும் அவருக்குக் கற்றுக்கொடுத்தவரையும் சேர்த்து நிற்கவைத்துப் படம் எடுத்து, 'முன்மாதிரி இணை' என்று தலைப்புப் போட்டு, கேன்டீன் வாசலில் இருந்த அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். எங்கள் மில்லில் அந்த வாசலைக் கடக்காமல் யாரும் சாப்பிட முடியாது. ஆகவே நான் எப்பேர்ப்பட்ட முட்டாள் என்பதை, என்னைத் தவிர எல்லோரும் சாப்பாட்டுக்கு முன்பும் பின்பும் படித்து வந்தார்கள்.

மில் ராஜபாளையத்தில். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்தில். இரண்டுக்கும் நடுவே பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் நான் படிக்கிறவன், கிடைக்காவிட்டால் நிற்கிறவன். மில்லில் என் பதவி பயிற்சி அதிகாரி. அது என்ன வேலை என்று என் மனைவிக்கு இன்னும் பிடிபடவில்லை. "ஒங்களுக்கு மெஷின் ஓட்டத் தெரியாது, நூல் ஒட்டத் தெரியாது. பொறவு என்னத்தச் சொல்லிக்கொடுப்பிய?" என்பாள். சொல்லிக்கொடுப்பது என் வேலை இல்லை, சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை என்று விளக்குவேன். நான் பாதி வாக்கியத்தில் இருக்கும்போதே அவள் அடுப்படிக்குப் போயிருப்பாள்.

நான் வருவதற்கு முன்பு மில்லில் பயிற்சி என்பது மிக எளிமையாக இருந்தது. புதிதாக வந்தவரை ஒரு பழைய ஆளுக்குப் பக்கத்தில் நிறுத்துவார்கள். அவர் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்வார், அல்லது மத்தியானத்துக்கு மேல் காணாமல் போவார். இதைப் பார்த்து எனக்கு ரத்தம் கொதித்தது. வயதுவந்தவர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்பது பற்றி நான் நிறையப் படித்திருந்தேன். படித்ததை யார் மீதாவது பிரயோகிக்காவிட்டால் ஜீரணமாகாது. ஆகவே ஒரு திட்டம் தீட்டினேன். புதியவர் ஒவ்வொருவருக்கும் அனுபவசாலி ஒருவர் வழிகாட்டி. வழிகாட்டி செய்வதை முதலில் பார்க்க வேண்டும். பிறகு அவரோடு சேர்ந்து செய்ய வேண்டும். பிறகு அவர் பார்க்கத் தனியாகச் செய்ய வேண்டும். கடைசியில் ஸ்பின்னிங் மாஸ்டர் முன்னால் ஒரு தேர்வு. தேறினால் வேலை நிரந்தரம், தேறாவிட்டால் வீடு.

யாருக்கு யார் வழிகாட்டி என்று தீர்மானிப்பதில் நான் காட்டிய நுணுக்கத்தை இப்போது நினைத்தாலும் எனக்கே கூச்சமாக இருக்கிறது. உயரம் பார்த்தேன். விரல் நீளம் பார்த்தேன். இடக்கைக்காரர்களைத் தனியாகப் பிரித்தேன். ஒரே பஸ்ஸில் வருகிறவர்களா, பொறுமைசாலியா, முன்கோபியா, எல்லாம் விசாரித்தேன். இந்த ஊர்ப்பக்கத்தில் இரண்டு பேர் சந்தித்தால் முதல் கேள்வியாகக் கேட்டுக்கொள்ளும் ஒன்றை மட்டும் நான் கேட்கவில்லை. நீங்கள் ஒருவருக்கொருவர் என்ன முறை வேண்டும் என்பதை.

அப்போது வேலைக்குச் சேர்ந்த தொகுதி ஆட்களில் வன்னியம்பட்டியிலிருந்து ஒரு பெண்மணி வந்தார். என் வயதுதான் இருக்கும். மகன் ராணுவத்தில். மருமகள் வீட்டில். இத்தனை வருஷமும் மிளகாய்க் காட்டிலும் பருத்திக் காட்டிலும் குனிந்து வேலை பார்த்தவர். எதற்காக மில் வேலைக்கு வருகிறீர்கள் என்று நேர்காணலில் கேட்டபோது, மற்றவர்களெல்லாம் குடும்பம், கடன், பிள்ளை படிப்பு என்றார்கள். இவர், "நிழல்ல நின்னு ஒரு வேலை பாத்துப் பாக்கணும் சார்" என்றார். பஞ்சு பறக்கும் அந்தப் புழுக்கத்தை நிழல் என்று சொன்ன முதல் ஆள் இவர்தான். வெயிலை அந்த அளவுக்குப் பார்த்திருக்கிறார் என்று குறித்துக்கொண்டேன். அவருக்கு மில்லிலேயே கை தேர்ந்த, ராஜபாளையத்துக்காரப் பெண்மணி ஒருவரை வழிகாட்டியாகப் போட்டேன். இருவருக்கும் ஒரே உயரம். இருவருமே அமைதியானவர்கள். என் கணக்குப்படி தெய்வீகப் பொருத்தம்.

நூற்பு இயந்திரம் ஒரு தெரு நீளம் இருக்கும். அதன் ஒரு பக்கம் முழுக்க வரிசையாக நூல் சுற்றிக்கொண்டிருக்கும் பாபின்கள். எங்காவது நூல் அறும். உடனே அந்த பாபினை நிறுத்தி, நுனியைத் தேடி எடுத்து, வளையத்தில் கோத்து, மேலே உருளையிலிருந்து வழிகிற பஞ்சிழையோடு ஒட்டிவிட வேண்டும். சொல்ல ஒரு நிமிஷம், செய்ய ஒரு நொடி. அந்த நொடிக்குத்தான் இத்தனை மாதப் பயிற்சி. இன்னொன்றும் சொல்ல வேண்டும். உள்ளே யார் பேசினாலும் ஒட்டி நிற்பவரைத் தவிர யார் காதிலும் விழாது. அத்தனை இரைச்சல். நான் தூரத்தில் நின்று பார்க்கும்போது வழிகாட்டியின் உதடுகள் இடைவிடாமல் அசைந்தன. வன்னியம்பட்டிக்காரர் பவ்யமாகக் கேட்டுத் தலையசைத்தார். ஒரு பூசல் இல்லை, ஒரு முகச்சுளிப்பு இல்லை. வழிகாட்டி எனக்குத் தந்த வாராந்தர மதிப்பீட்டில் எல்லாமே மிக நன்று. படம் எடுக்காமல் என்ன செய்வேன்?

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் வன்னியம்பட்டிக்காரர் என் அறைக்கு வந்தார். கதவைச் சாத்தினார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"உக்காந்து உக்காந்து இடுப்பு செத்துப்போச்சு சார். எனக்கு ஏசுற ஆளு ஒண்ணைப் போட்டுக் குடுங்க."

எனக்குப் புரியவில்லை. இப்போதிருக்கும் வழிகாட்டி ஏதாவது ஏசிவிட்டாரா என்று கேட்டேன்.

"அவிய ஏசுனா நான் ஏன் இங்க வாரேன்? அவிய என் மருமகளைப் பெத்தவுக சார். எனக்குச் சம்பந்தி."

பிறகு அவர் விவரமாகச் சொன்னார். நான் கேட்டுக்கொண்டே மேஜையின் கீழ் என் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நூல் அறும். இவர் கை நீட்டுவதற்குள், விடுங்க சம்பந்தி, நீங்க எதுக்கு என்று அந்த அம்மா பாய்ந்து ஒட்டிவிடுவாராம். மாப்பிள்ளையைப் பெற்றவர் நிற்கக் கூடாது என்று எங்கிருந்தோ ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டாராம். நான் போய் நின்றபோதெல்லாம், அதில் உட்கார்ந்து வேலையைக் கவனிக்கிறார் என்றே நினைத்திருந்தேன். மில் காப்பி சம்பந்திக்கு ஆகாது என்று வீட்டிலிருந்து பிளாஸ்கில் கொண்டுவந்து கொடுத்தாராம். நான் தூரத்திலிருந்து பார்த்த உதட்டசைவெல்லாம் உபசாரம். சாப்பிட்டீங்களா, மாப்பிள்ளை போன் பேசினாரா, வேர்க்குதா, செத்த நேரம் வெளிய காத்தாட நிக்கீங்களா.

"நானா ஒருக்க எந்திரிச்சுப் போய் ஒட்டிப் பாத்தேன். பக்கத்துல இருந்த நூலையும் சேத்து அத்துவிட்டுட்டேன். ஒரு வார்த்தை சொல்லணுமே? 'இந்த மெஷினே சரியில்ல சம்பந்தி'ங்காக."

அவர் குரல் முதல் முறையாகத் தாழ்ந்தது. "பரீச்சைல தேறலைன்னா வீட்டுக்குத்தான அனுப்புவிய?"

ஆமாம் என்றேன். என் திட்டத்தில் அந்த வரியைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தேன்.

"எனக்கு வீடுன்னா காடு சார். அம்புட்டுத்தான்."

அவர் போன பிறகு எனக்கு உடனடியாக ஒரு யோசனை வந்தது. எனக்கு உடனடியாக வருகிற யோசனைகளைப் பற்றி என் மனைவிக்கு ஒரு கருத்து உண்டு. மறுநாளே வழிகாட்டியை மாற்றி உத்தரவு போட்டு, அதே அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டேன். அரை மணியில் அந்த ராஜபாளையத்து அம்மா என் முன்னால் நின்றார். கண் கலங்கியிருந்தது. சம்பந்திக்கு நான் என்ன குறை வைத்தேன் என்று கேட்டார். குறையே வைக்கவில்லை, அதுதான் குறை என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

"ஊருல என்ன சார் பேசுவாக? சம்பந்தியைப் பக்கத்துல வச்சுக்கிடப் பிடிக்காம விரட்டிவிட்டுட்டான்னு பேசுவாக. என் பிள்ளை அவிய வீட்டுல வாழுது."

நிர்வாகத்தின் முடிவு என்று முனகினேன். நிர்வாகம் என்றால் யார், அவருக்குப் பொண்ணு பிள்ளை இல்லையா என்று கேட்டார். உத்தரவைக் கிழித்து வாயில் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது. கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அன்று வீட்டில் சொன்னபோது என் மனைவி பிரச்சினையைக் கேட்டு முடிக்கக்கூட இல்லை. பெண் வீட்டாரிடம் ஒன்றைக் கேட்பதென்றால் நோட்டீஸ் ஒட்டியா கேட்பார்கள் என்றாள். ஞாயிற்றுக்கிழமை ராகு காலத்துக்கு முன்பே என்னைக் கிளப்பினாள். ஒரு பெட்டி பால்கோவா, ஒரு சீப்புப் பழம், இரண்டு முழம் மல்லிகை, வெற்றிலை பாக்கு. பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் பழத்தையும் பூவையும் பார்த்துவிட்டு, பொண்ணு பாக்கவா என்று கேட்டார். இல்லை, பயிற்சித் திட்டத்தில் ஒரு திருத்தம் என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வழிகாட்டியின் வீட்டில் கொண்டுபோனதையெல்லாம் ஒரு தட்டில் வைத்து நீட்டி, பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைச் சொன்னேன். உங்கள் சம்பந்தியம்மாவைத் தேர்வு வரைக்கும் எங்களுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும், உங்கள் சம்மதம் இல்லாமல் மில்லில் ஒரு காரியமும் நடக்காது. கடைசி வாக்கியம் பொய் என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் அவர் முகம் மலர்ந்தது. இரண்டு நிபந்தனை போட்டார். காப்பி தன் பிளாஸ்கிலிருந்துதான் போக வேண்டும். தேர்வன்று தானும் கிட்டத்தில் நிற்க வேண்டும். இரண்டுக்கும் சம்மதித்தேன். தட்டு உள்ளே போயிற்று. என் உத்தியோக வாழ்க்கையில் முழு வெற்றி பெற்ற ஒரே பேச்சுவார்த்தை அது.

இனி ஏசுகிற ஆள் வேண்டும். இந்த முறை படித்தவன் புத்தியைத் தூர வைத்துவிட்டு, வன்னியம்பட்டிக்காரரிடமே கேட்டேன். அவர் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "என் நாத்தனாதான் இருக்காளே" என்றார். அவருடைய வீட்டுக்காரரின் தங்கை, ராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்டவர், அதே ஷிப்டில் நாலு இயந்திரம் தள்ளி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் பெண்டாட்டியை ஏச நாத்தனாருக்கு உள்ள உரிமை எந்தச் சட்டத்திலும் எழுதப்படாதது, எந்தச் சட்டத்தாலும் பறிக்கப்பட முடியாதது. அந்த அம்மாவிடம் பொறுப்பை ஒப்படைத்தபோது, "ஏசலாமா சார்? தெரிஞ்சுதான் சொல்லுதியளா?" என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து சேர்த்துவைத்திருப்பார் போல.

மறுநாள் அந்தப் பக்கம் போனபோது ஸ்டூலைக் காணோம். இரைச்சலை மீறி நாத்தனாரின் குரல் மட்டும் கணீரென்று கேட்டது. மில் இயந்திரத்தை வெல்லும் குரல் ஒன்று உண்டென்று அன்றுதான் அறிந்தேன்.

"என்ன மதினி, நூலைத் தடவிக்குடுக்கிய? எங்கண்ணன் தலையா அது?"

வன்னியம்பட்டிக்காரரும் சும்மா இருக்கவில்லை. உங்கண்ணனுக்குத் தலை இருந்தால்தானே தடவ என்று உரக்கப் பதில் சொன்னபடி ஒரு நூலைப் பிடித்து ஒட்டினார். அது நின்றது. அவர் அதையே ஒரு கணம் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் அடுத்தது அறுந்தது, அதற்கும் ஏச்சு விழுந்தது. கல்யாணத்தில் போட்ட சீர்வரிசையிலிருந்து போன பொங்கலுக்குக் குழைந்துபோன சோறு வரை எல்லாம் வெளியே வந்தது. ஒவ்வொரு ஏச்சுக்கும் ஒரு நூல் ஒட்டியது. பக்கத்து இயந்திரக்காரர்கள் வேலையைப் பார்த்தபடியே சிரித்தார்கள். சிலர் தங்களுக்கும் அப்படி ஓர் ஆள் வேண்டும் என்று என்னிடம் வந்து கேட்டார்கள். ஒருத்தி தன் மாமியாரை மட்டும் போட்டுவிட வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டாள். நான் யார் யாருக்கு என்ன முறை என்று கேட்டுக் கேட்டு இணைகளை மாற்ற ஆரம்பித்தேன். அத்தை மகள்கள் ஒரு பக்கம், கொழுந்தியாள்கள் ஒரு பக்கம். அந்த வாரங்களில் ஷெட்டுக்குள் போவது கல்யாண வீட்டுப் பந்திக்குள் போவது போல இருந்தது. நூலும் ஓடியது.

காப்பி மட்டும் ராஜபாளையத்து அம்மாவின் பிளாஸ்கிலிருந்து தவறாமல் வந்தது. ஆனால் இப்போது வன்னியம்பட்டிக்காரர் அதை நின்றுகொண்டு குடித்தார்.

தேர்வு நாள். என் திட்டப்படி வழிகாட்டி கண்ணில் படவே கூடாது. நாத்தனாரை ஷெட்டின் மறுகோடிக்கு அனுப்பிவிட்டேன். ராஜபாளையத்து அம்மா, பேசிக்கொண்டபடி, இயந்திரத்தின் முனையில் கை கட்டி நின்றார். ஸ்பின்னிங் மாஸ்டர் வரிசையோடு நடந்துகொண்டே அங்கங்கே நூலை விரலால் அறுத்துவிட்டுப் போவார். அவர் கோடி வரை போய்த் திரும்பி வருவதற்குள் அறுந்தது அத்தனையும் ஓட வேண்டும். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அன்றும் பார்க்கவில்லை.

முதல் நூலை வன்னியம்பட்டிக்காரர் சுலபமாக ஒட்டினார். இரண்டாவதில் கை நின்றது. யாரும் ஏசவில்லை. இத்தனை நாளும் முதுகில் விழுந்துகொண்டிருந்த குரல் இல்லாமல் அவர் திகைத்துப்போய்த் திரும்பிப் பார்த்தார். அங்கே நான் நின்றுகொண்டிருந்தேன். ஊக்குவிக்க வேண்டும் என்று புத்தகங்கள் சொல்லியிருந்தன. ஆகவே புன்னகை செய்தேன். கட்டை விரலை உயர்த்தினேன். தலையை மேலும் கீழும் ஆட்டினேன். அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பக்கம் நூல்கள் அறுந்து பஞ்சு உருளையில் சுற்றத் தொடங்கியது. மாஸ்டர் கோடியை எட்டித் திரும்பிவிட்டார்.

அப்போது முனையிலிருந்து, இயந்திரத்தை வெல்லும் இரண்டாவது குரல் வந்தது.

"ஏட்டி, அவரு மூஞ்சியிலயா நூலு தொங்குது? பாபினைப் பாரு."

பெண்ணைக் கொடுத்த தாய், மாப்பிள்ளையைப் பெற்ற தாயை, இத்தனை பேர் பார்க்க, வாடி போடி கணக்கில் ஏட்டி என்று கூப்பிட்டுவிட்டார். பக்கத்து இயந்திரத்தில் நின்றவர்களின் கைகள் அப்படியே நின்றன. சொன்னவரே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். ஆனால் வன்னியம்பட்டிக்காரரின் கைகள் நிற்கவில்லை. சவுக்கு விழுந்த மாதிரி திரும்பி, ஒன்றை ஒட்டி, அடுத்ததை ஒட்டி, உருளையில் சுற்றிய பஞ்சைப் பிய்த்தெறிந்து, வரிசையோடு ஓட்டமும் நடையுமாகப் போய், கடைசி நூலை மாஸ்டரின் சட்டைக் கையை உரசியபடி ஒட்டினார். மாஸ்டர் வரிசையை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். எங்கும் அறுப்பு இல்லை. கையெழுத்துப் போட்டார்.

வெளியே வேப்பமர நிழலில் ராஜபாளையத்து அம்மா அழாத குறையாக நின்றார். வாய் தவறி வந்துவிட்டது சம்பந்தி, மனசுல வச்சுக்கிடாதீங்க, வீட்டுல சொல்லிடாதீங்க என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

"வீட்டுல சொல்லாமயா? முத ஆளா ஒங்க மககிட்டதான் சொல்லப்போறேன்" என்றார் வன்னியம்பட்டிக்காரர். "இம்புட்டு நாளும் இந்த வாயை வச்சுக்கிட்டா எனக்குக் காப்பி ஊத்துனிய?" என்று சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. அந்த அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மறுகோடியிலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்த நாத்தனார், தான் இல்லாத நேரத்தில் தன் மதினியை இன்னொருத்தி ஏசிவிட்டாள் என்று கேள்விப்பட்டு உண்மையாகவே கோபித்துக்கொண்டார். மூன்று பேருக்கும் நான் கேன்டீனில் வடை வாங்கிக் கொடுத்தேன். பலகையிலிருந்த முன்மாதிரி இணையின் படத்தை எடுத்துவிடப் போனேன். இருக்கட்டும் சார், மூஞ்சி நல்லாத்தான் விழுந்திருக்கு என்று சம்பந்திகள் இருவரும் தடுத்துவிட்டார்கள்.

கொஞ்ச நாளில் அடுத்த தொகுதி ஆட்கள் வந்தார்கள். பயிற்சி அறையில் அவர்களுக்கு ஒரு படம் போட்டுக் காட்டினேன். நூற்பு பற்றி நானே வெளியூரிலிருந்து தருவித்த, பின்னணி இசையோடு கூடிய படம். முடிந்ததும் விளக்கைப் போட்டு, வயதுவந்தவர்கள் கற்பதில் உறவுமுறையின் பங்கு குறித்து என் புதிய கண்டுபிடிப்புகளைக் கொஞ்சம் விரிவாகவே எடுத்துரைத்தேன். பிறகு, வேலை நிரந்தரமான மிடுக்கோடு மில் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கதவோரம் நின்ற வன்னியம்பட்டிக்காரரை, தன் அனுபவத்திலிருந்து புதியவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லும்படி கேட்டுக்கொண்டேன்.

அவர் முன்னால் வந்து எல்லோரையும் ஒரு தடவை பார்த்தார்.

"சாரு போடுற படத்துல நூலு அறவே செய்யாது. அதனால இங்க நல்லா தூங்கிக்கிடுங்க. உள்ள வந்தா கண்ணை மூட ஏலாது."